கிண்ணத்தில் சீஸ்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் வெள்ளைக்கார பக்தர்களின் பீட்சாவோடு நின்றிருந்த சீஸ், இப்போது உள்ளூர்க் கைக்குழந்தையின் கிண்ணத்துக்கும் வந்துவிட்டது. உருளைக்கிழங்கை மசித்து, மேலே ஒரு ஸ்லைஸ். "கிழங்கு வாயும்மா" என்று தடுக்கும் ஆயா, சாயங்காலம் அதே கிழங்கு போண்டாவை வேண்டாமென்று சொன்னதாகத் தகவல் இல்லை.

6 மாதம் முடிந்த குழந்தைக்கு மசித்த கிழங்கு தாராளமாகத் தரலாம். வில்லன் ஸ்லைஸிலுள்ள உப்புதான். முதல் பிறந்தநாள் வரை உப்பே சேர்க்காதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் உப்பில்லாத பனீர் வீட்டிலேயே திரளும். ஆனால் அது ரீல்ஸில் நூல்நூலாக இழுபடாதே!

ரீல்ஸ் இருக்கட்டும், 2 வயதுக்குட்பட்டோரின் டப்பா உணவுக்கு விளம்பரமே கூடாது என்கிறது 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம். அத்தை, சித்தி, எதிர்வீட்டு அக்கா செய்யும் விளம்பரத்துக்குத் தடை ஏதும் இல்லை.