வண்ணாத்திக்குருவிக் கூட்டத்துல ஆறு கஜம்

அடியே தாயி, போன்ல நீ படிச்சுக் காட்டின கப்பல் கம்பெனிக் காயிதத்த ராத்திரி பூரா ரோசிச்சுப் பாத்தேன். சவுத்தாம்ப்டன்ல ஏறி நியூயார்க்ல எறங்க 7 ராத்திரி. கப்பலு பேரு குயின் மேரி 2. 2004-ல எலிசபெத் ராணியே வந்து பேரு வச்சாகளாம். ராணி பேரு வச்ச எடத்துல நைட்டியோட நடமாட விடுவானா? சாயங்காலம் 6 மணி அடிச்சா உடுப்பு மாத்தணும். அதுலயும் ரெண்டு ராத்திரி 'காலா' விருந்து. நம்ம ஊர்ல பந்திக்கு முந்துவோம். அங்க பந்திக்கு மின்னணும் போலருக்கு.

அதுக்காக ஒரு மாசச் சம்பளத்தக் கொட்டித் தரையக் கூட்டுற கவுனு வாங்கப் போறேங்கிற. கூட்டுறதுக்கு அங்க ஆள் வச்சிருப்பாகடி. காயிதத்த நல்லாப் பாரு. முட்டி வரைக்கும் வர்ற காக்டெய்ல் கவுனு செல்லும். பதவிசான கால்சராயும் கோட்டும் செல்லும். அவங்கவங்க நாட்டு உடுப்பும் செல்லும்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்குல்ல? அந்த ஒத்த வரிக்குள்ளதான்டி ஆறு கஜத்த மடிச்சு வச்சிருக்கான்!

சேலைன்னதும் கல்யாணக் காஞ்சிப்பட்டத் தூக்கிறாத. அதக் கட்டிக்கிட்டு மணவறையில உக்காரலாம், அட்லாண்டிக்ல நடக்க முடியாது. மடிப்பு விழுந்தா அறைக்குள்ள தேய்க்கவும் வழியில்ல. தீப்பயத்துக்காக இஸ்திரிப் பெட்டிய ஏறுறப்பவே வாங்கி வச்சுக்கிருவான். துணி தொவைக்கிற அறை தனியா இருக்கு, தேய்க்கிறதும் அங்கதான். காலா அன்னைக்கு மத்தியானம் போய்ப் பாரு, அசல் ஊருணிக்கரை. எவ எதக் கட்டப் போறா, எவ புருசன் குறட்டை விடுறான்னு தேச்சு முடிக்கிறதுக்குள்ள தெரிஞ்சுபோகும்.

அதனால, சுருட்டி வச்சாலும் கசங்காத கிரேப்போ மைசூர்ப் பட்டோ எடு. கறுப்புல சன்னச் சரிகை போட்டது ஒண்ணு போதும், ரவிக்கை மட்டும் ரெண்டு. காலாவுக்கு நெறமும் சொல்லுவான்: கறுப்பு-வெள்ளை விருந்துன்னா வெள்ளை ரவிக்கை, சிவப்பு-தங்கம்னா சிவப்பு ரவிக்கை. போறதுதான் கப்பல்ல, திரும்புறது விமானத்துல; அவன் 23 கிலோவுக்கு மேல ஒரு கைக்குட்டை வச்சாலும் காசு கேப்பான். “அதே சேலையான்னு மேசைக்காரி கேட்டா?”ங்கிற. 2,700 பேர் ஏறுற கப்பல்ல ஒருத்தியாச்சும் ஒன் சேலைய ஞாபகம் வச்சிருந்தா சந்தோசப்படு.

கட்டுறதுதான் வித்தை. கப்பலு ஒருபக்கமாச் சாயறப்ப கண்ணாடி முன்னால ஒத்தக் கால்ல ஆடாத. கட்டில் விளிம்புல முட்டிய முட்டுக்குடுத்து நின்னு கொசுவத்த மடி, உள்பக்கமா ஊக்கு போடு. ஊக்கு வாயில இருக்கையில கேப்டன் மைக்குல என்ன சொன்னாலும் சிரிக்காத. கணுக்கால் தெரியக் கட்டு. ஆணி மாதிரிக் குதி வச்ச செருப்பு வேணாம். கொசுவத்துல செருப்பு மாட்டுனா கடலத் திட்டிப் பிரயோசனமில்ல. சாப்புடுற கூடத்துல ஏசி எலும்ப நடுக்கும், சால்வை ஒண்ணு தோள்ல கெடக்கட்டும். குளிருக்குப் போத்துனாலும் அழகுக்குப் போட்டாப்புல இருக்கும்.

சில பயணத்துல முகமூடி விருந்தும் உண்டாம். ஒன் மாமியாரும் வர்றாகன்னா அத மட்டும் விட்டுறாத.

மாப்பிள்ளையப் பத்திக் கவலைப்படாத. ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. வண்ணாத்திக்குருவிக் கூட்டம் எறங்கினாப்புல இருக்கும். எவன் ஒன் புருசன்னு தேடுறதுதான் சிரமம். கையப் புடிக்கிறதுக்கு முன்னால மொகத்தப் பாத்துக்க.

இம்புட்டும் சலிச்சுப்போச்சா, புஃபே பக்கம் போயிரு. காலா ராத்திரியிலயும் அங்க உடுப்புக் கெடுபிடி இல்லையாம். ஆனா ஒரு நாளாச்சும் கட்டிக்கிட்டுப் போ தாயி. நாலு பேரு பாக்கட்டும், எனக்கும் ஒரு போட்டோ வரட்டும்.

கடைசியா ஒண்ணு, இத எந்தக் காயிதத்துலயும் எழுதியிருக்க மாட்டான். பாவாடை நாடாவ மட்டும் இறுக்கிக் கட்டாத. சேலை பாக்குறவுகளுக்கு, நாடா சாப்புடுறவளுக்கு. காசு கட்டுனது எதுக்குன்னு மூணாவது தட்டு வர்றப்பத் தெரியும்.