மூளை போனாலும் முடி கலையாது

1968 செப்டம்பரில் ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரின் மூன்றாம் சீசன் ‘ஸ்பாக்கின் மூளை’ என்ற அத்தியாயத்தோடு தொடங்கியது. விண்கலத்துக்குள் வரும் ஒருத்தி, கலத்தின் அதிகாரி ஸ்பாக்கின் மூளையை அலுங்காமல் எடுத்துப்போகிறாள். தலைமுடியோ வாரியது வாரியபடி. மூளையில்லாத உடம்பை டாக்டர் மெக்காய் ரிமோட்டில் நடக்கவைக்கிறார். அந்த முகத்துக்கும் வழக்கமான ஸ்பாக் முகத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இது ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய்க்குப் பாராட்டா என்று கேட்காதீர்கள். களவுபோன மூளை, நிலத்தடி நகரம் ஒன்றுக்குக் காற்றோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது! திரும்பப் பொருத்தும்போது டாக்டருக்குப் பாதியில் வித்தை மறந்துவிட, படுத்திருக்கும் நோயாளியே மிச்ச ஆபரேஷனுக்கு வழி சொல்கிறார்.

கதாசிரியர் ஜீன் கூன் டைட்டிலில் ‘லீ க்ரோனின்’ என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். வேறு ஸ்டுடியோவுடன் இருந்த ஒப்பந்தம்தான் காரணமாம். நான் நம்பவில்லை.