வானம் பச்சை, வாய்மொழி சிவப்பு

அனுப்புநர்: காவேரிப்பாக்கம் ஏரிக்கரைப் போட்டோக்காரர் ஒருவர், ராணிப்பேட்டை மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு தலைமை இயக்குநர் அவர்கள், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது தில்லி.

பொருள்: எங்கள் ஊர் வானம் யார் கையில் இருக்கிறது என்று தெளிவுபடுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: ட்ரோன் விதிகள், 2021.

ஐயா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் வந்த விதிகளில் 25 படிவங்களை ஐந்தாக்கினீர்கள். பைலட் உரிமக் கட்டணத்தை நூறு ரூபாய்க்கு இறக்கினீர்கள். அரசாங்கம் தானாக முன்வந்து படிவத்தைக் குறைத்தது என்று எங்கள் டீக்கடையில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அரசிதழைக் காட்டினேன், அப்போதும் நம்பவில்லை.

என் ட்ரோனின் எடை 249 கிராம். 250 கிராம் வரை ‘நானோ’, அதை ஓட்டப் பைலட் சான்றிதழே வேண்டாம் என்கிறீர்கள். ஒரு கிராம் மிச்சம் வைத்துச் செய்த சீனக் கம்பெனிக்காரனின் சட்ட அறிவு எங்கள் ஊர் வக்கீல்களுக்குக்கூடக் கிடையாது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. கவலைப்படாதீர்கள், இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பறப்பவை எல்லாம் அதற்கு முன்பே வந்தவை. போன வாரம் பெட்டி பிரித்ததும் அதற்கு முன்பே வந்ததுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் தாண்டி, சிவப்பு மஞ்சள் என்று குறிக்காத இடமெல்லாம் பச்சை மண்டலம். அங்கே 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டாம் என்பது உங்கள் விதி. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் மேப்பைப் பார்த்து, பச்சை என்று வந்த பிறகுதான் பேட்டரியைச் செருகுகிறேன். ஆனால் அந்தப் பச்சை மேப்போடு சரி. தரையில் நிறத்தை முடிவு செய்கிறவர் அன்றைக்கு டூட்டியில் இருக்கும் ஏட்டையா.

“யார்கிட்ட பர்மிஷன் வாங்கின?”

“பச்சை மண்டலம் சார். பர்மிஷன் தேவையில்லைங்க.”

“தேவையில்லைன்னு லெட்டர் இருக்கா?”

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அனுமதி தேவையில்லை என்பதற்கு ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்துவிடுங்கள். ஐந்து படிவத்தோடு ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணம் நூறு என்ன, இருநூறு வைத்தாலும் கட்டுகிறோம்.

அவசரம் என்றால் போலீஸ் தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். அழகான விதி. ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது, எஸ்.பி. பதவிக்குக் குறைந்தவர் அறிவிக்கக் கூடாது, பரப்பு முடிந்தவரை சின்னதாக இருக்க வேண்டும், உங்கள் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் பக்கம் இதைச் சுருக்கிவிட்டார்கள். பெரிய தலைவர் யாராவது நெடுஞ்சாலையில் காரில் கடந்து போகிறார் என்றால் வாட்ஸாப்பில் ஒரு வரி வரும்: ‘நாளைக்கு எவனும் ட்ரோன் விடக் கூடாது.’ எத்தனை மணிக்கு முடியும், எந்த ஊர் வரை, யார் கையெழுத்து, எதுவும் இருக்காது. தலைவர் பெங்களூரு போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்த பிறகும் எங்கள் ஊர் சிவப்பாகவே இருக்கும். அதே நாளில் தலைவரை வரவேற்கும் கூட்டத்தின் மேல் கட்சிக்காரர் அமர்த்திய ட்ரோன் சுற்றி வரும். அது எந்த மண்டலத்தில் பறந்தது என்று கேட்கிற அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

போலீஸுக்கும் ட்ரோன் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் திருப்பூரில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களை ட்ரோன் துரத்தியதும், அவர்கள் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடியதும் நாடே பார்த்துச் சிரித்த வீடியோ. எடுத்தவரின் கைக்கு நான் ரசிகன். அதுபோல ஷாட் எனக்கு ஒரு கல்யாணத்திலும் அமையவில்லை.

வேவு பார்ப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1752-ல் இங்கே மாந்தோப்புக்குள் பிரெஞ்சுப் பீரங்கிகள் ஒளிந்திருந்தது தெரியாமல் ராபர்ட் கிளைவ் வந்து மாட்டினார். பின்பக்கமாக ஆள் அனுப்பித் தோப்பை நோட்டம் விட்டபிறகுதான் ஜெயித்தார். அவரிடம் யாரும் லெட்டர் கேட்டதாக வரலாற்றில் இல்லை.

ஐயா, உங்கள் விதியில் எடைக்கு வகை இருக்கிறது, உயரத்துக்கு இருக்கிறது, தூரத்துக்கு இருக்கிறது. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு வகை இல்லை. எங்கள் ஊரில் அந்த ஒரு வகைதான் இருக்கிறது. பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தால் பச்சை. பிரமுகரின் பேனரைப் பார்த்தால் பச்சை, கூடவே பிரியாணி. பல்லவ மன்னன் நந்திவர்மன் வெட்டிய எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போகும்போது எடுத்தால் மஞ்சள். தண்ணீர் வற்றிய மாதத்தில் எடுத்தால் ‘எதுக்குப்பா?’ என்கிற இளஞ்சிவப்பு. பாலாற்றுப் பக்கம் லென்ஸ் சாய்ந்தால் ரத்தச் சிவப்பு.

காரணம் புரிகிறது. 2023-ல் அமலாக்கத் துறை ஐஐடி கான்பூர் நிபுணர்களைக் கூட்டி வந்து தமிழ்நாட்டில் 28 மணல் குவாரிகளை அளந்தது. அங்கேயும் ட்ரோன் பறந்தது. அள்ளிய மணல் 4,730 கோடி ரூபாய், அரசுக்கு வந்தது 36.45 கோடி என்று அந்தத் துறை கணக்குச் சொன்னது. வேலூர் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் போனது. மாநில அரசு கோர்ட்டுக்குப் போக, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ‘போய் ஆஜராகுங்கள்’ என்றது. வழக்கு அதற்குப் பிறகு எங்கெங்கோ போய்விட்டது. ஆனால் ஆற்றைப் பார்க்கும் ட்ரோன் ஆபத்தானது என்பதை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

லென்ஸ் திரும்பக் கூடாத இன்னோர் இடம் தோல் தொழிற்சாலைகளின் பின்சுவர். அந்தக் கதை இன்னும் பழையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் தீர்ப்பு வந்தது. ஆலை ஒன்றுக்கு மாசு அபராதம் பத்தாயிரம் ரூபாய். பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு தனி. அது பெரிய தீர்ப்பு, குறை சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும்தான் இடிக்கிறது. ஆற்றைக் கெடுத்தவருக்குப் பத்தாயிரம். அதைத் தப்பான உயரத்திலிருந்து படம் பிடித்தால் உங்கள் விதிப்படி எனக்கு அபராதம் ஒரு லட்சம் வரை. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் எனக்குத்தான் ஜாஸ்தி.

எனவே தாங்கள் கருணை கூர்ந்து அந்த ஆறாவது படிவத்தை அச்சடித்து ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஒரு கட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எஸ்.பி.க்குக் கொடுத்த அதிகாரம் அவருடைய ஜீப் டிரைவருக்கும் உண்டா என்பதையும் தெளிவாக்கவும்.

கடைசியாக ஓர் அவசரம். வருகிற முகூர்த்தத்தில் ஏரிக்கரையில் எனக்கு ஒரு ஷூட் இருக்கிறது. மேலே இருந்து ஏரி முழுசாகத் தெரிய வேண்டும் என்று பெண் வீட்டார் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். முழுசாகவா, டிராக்டர் நிற்கிற மூலையை விட்டுவிட்டா என்று முன்கூட்டியே தெரிவித்தால் அதற்கேற்ற மாதிரி ரேட் பேசிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் பச்சை மண்டலத்துப் பிரஜை