நாற்பத்திரண்டும் சில்லறையும்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு நாய்களுக்கு அடுத்தபடியாக விழித்திருப்பவர்கள் மாரத்தான்காரர்கள்தான். தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால் முழங்கால் வலிக்கிறது என்கிற அதே ஆசாமி, இங்கே முப்பது கிலோமீட்டரை 'ஈஸி ரன்' என்பார்.

இந்த மாரத்தான் தூரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் வின்ட்சர் கோட்டையில் கிளம்பி, மைதானத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்தத் தூரம்தான் 1921-இல் 42.195 கிலோமீட்டராக நிலைத்தது. யாரோ ஒரு ராணியின் நாற்காலிக்காக நம் மயிலாப்பூர் ஆடிட்டருக்குக் கால் நகம் கறுக்கிறது.

கார்பன் தகடு வைத்த ஷூ, இதயத்துடிப்பு சொல்லும் வாட்ச், பையில் எனர்ஜி ஜெல். வாட்ச் 9.8 கிலோமீட்டர் காட்டினால் பத்தாக்குவதற்குப் பார்க்கிங்கையே பிரதட்சணம் செய்கிறார்கள். ஸ்ட்ராவா செயலியில் ஏறாத ஓட்டம் ஓட்டமே இல்லையாம். நேரம் குறையாததற்குக் காரணம் கேளுங்கள்: "ஹ்யூமிடிட்டி சார்!" அது சென்னைக்கு நேற்றுத்தான் குடிவந்த மாதிரி.

ஓடி முடித்த பிறகு நெய்ப் பொங்கல், வடை, ரவா தோசை, காபி. இந்தச் சுற்றில் மட்டும் பின்தங்குபவர் எவருமில்லை. எரித்த கலோரி வட்டியோடு வீடு திரும்புகிறது.