வெடியுப்புக் கணக்கு

சிவகாசிப் பக்கம் வேதிவினை தெரியாத ஆள் கிடையாது. அதைக் கரும்பலகையில் எழுதிச் சமன் செய்யச் சொன்னால்தான் முழிப்பார்கள். கம்பி மத்தாப்பு ஏன் பூப்பூவாகச் சிதறுகிறது என்று கேட்டால் "இரும்புத்தூள் சார்" என்று தூக்கத்திலும் சொல்கிற பையன், இரும்பும் ஆக்சிஜனும் சேர்வதற்குச் சமன்பாடு கேட்டதும் ஜன்னல் வழியே வேப்பமரத்தை ஆராய ஆரம்பித்துவிடுவான். அப்பா பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் போர்மேன், அம்மா தீப்பெட்டி ஆபீஸ், பிள்ளை வேதியியலில் முப்பத்தைந்து. இந்த முரண்பாட்டை நம்பித்தான் டியூஷன் வாத்தியாரான என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அப்படி என்ன பெரிய பாடம்? அம்புக்குறிக்கு இடப்பக்கம் எத்தனை அணுவோ, வலப்பக்கமும் அத்தனை. விருதுநகர் வத்தல் கமிஷன் கடையில் ஐந்தொகை எடுக்கும் கணக்குப்பிள்ளைக்கு இதெல்லாம் பாலபாடம். எட்டணா இடித்தாலும் ராத்திரி பூரா உட்கார்ந்து தேடுவார். அவர் பேரன் தேடமாட்டான். ஆக்சிஜன் ஒன்று இடிக்கிறதா, யாரும் பார்க்காதபோது தண்ணீரின் காலடியில் ஒரு 2 சேர்த்துவிடுவான். கணக்கு டேலி. தண்ணீர் மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிட்டது. சலூனில் முடியை வெளுக்க வைக்கிற சரக்கு அது. "ஒரு டம்ளர் குடிச்சுப் பாரேன்" என்று நாக்கு நுனி வரை வரும். மாதாமாதம் ஒன்றாம் தேதி ஃபீஸ் தருகிறவர்கள் வீட்டுப் பிள்ளை என்பதால் விழுங்கிக்கொள்வேன். முன்னால் போடும் எண்ணில் மட்டும்தான் நமக்கு அதிகாரம். காலடி எண்ணைத் தொட்டால் பொருளே மாறிப்போகும்.

திருத்தங்கலிலிருந்து வரும் ஒரு பையனின் அம்மா, பயர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், மகனைக் கூட்டிப்போக வந்தவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கருமருந்துக்கு இரண்டு பொட்டாசியம் நைட்ரேட் (வெடியுப்பு), ஒரு கந்தகம், மூன்று கார்பன் என்று எழுதியிருந்தேன்.

"இந்த ரெண்டு, ஒண்ணு, மூணெல்லாம் கிலோவா சார்?"

"இல்லம்மா, மூலக்கூறும் அணுவும்."

"அதை எந்தத் தராசுல நிறுக்குறது?"

வேதியியலின் சரியான கேள்வி இதுதான். பாடப்புத்தகம் எண்ணிப் போடச் சொல்கிறது, பயர் ஆபீஸ் நிறுத்துப் போடுகிறது. நடுவில் மோல் கணக்கு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுக் காட்டினேன். வெடியுப்பு 202 கிராம், கந்தகம் 32, கரி 36, ஆக 270. அந்தப் பக்கம் பொட்டாசியம் சல்பைடு 110, நைட்ரஜன் 28, கார்பன் டை ஆக்சைடு 132. கூட்டினால் அதே 270. நூற்றுக்கு எழுபத்தைந்து வெடியுப்பு என்றதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. பெரியவர்கள் தராசை வைத்துக் கண்டுபிடித்ததும் அதே முக்கால் பங்குதான். உண்மையில் அந்தப் புகையில் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், கார்பன் மோனாக்சைடு என்று இன்னும் பல கிடக்கின்றன. பரீட்சைக்கு எழுதுவது வருமான வரிக்குக் காட்டும் கணக்கு. ரெண்டாம் நம்பர் கணக்கு தனி.

கிளம்பும்போது அவரே ஒரு பாடம் நடத்தினார். "அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில ஈரம் பட்டா சூடு ஏறும் சார். கலந்ததை அன்னைக்கே செலுத்தி முடிச்சிரணும்." இரண்டு அலுமினியத்துக்கு ஆறு தண்ணீர். இரண்டு அலுமினியம் ஹைட்ராக்சைடும், பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் மூன்று ஹைட்ரஜனும் வரும். சமன்பாடு எவ்வளவு என்று சொல்லும். எவ்வளவு வேகத்தில் என்று அந்த அம்புக்குறி வாயைத் திறக்காது.

இந்தக் கணக்கை ஆரம்பித்துவைத்த லவாய்சியரும் நம் தொழில்காரர்தான். நிறை மாறா விதி என்று படித்ததோடு விட்டுவிடுகிறோம். 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் அவர் ஓர் ஆணையர். 1788இல் எஸ்ஸோன் என்ற ஊரில் வெடியுப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரேட்டைப் போட்டுச் சோதித்தார்கள். கலவை வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். லவாய்சியரும் மனைவியும் தப்பித்தது அதிர்ஷ்டம். அதே குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்த்து வெடி செய்யக் கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது 1992இல். தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இல்லாவிட்டால், சிவகாசியிலிருந்து ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா வரை போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலே படுத்திருக்கும்.

கம்பி மத்தாப்பு மருந்து என் வகுப்பின் செல்லக் கணக்கு. ஒரு பேரியம் நைட்ரேட்டில் ஆறு ஆக்சிஜன். ஒன்றைப் பேரியம் எடுத்துக்கொண்டால் மிச்சம் ஐந்து. அலுமினியம் ஆக்சைடோ மும்மூன்றாகத்தான் வாங்கும். ஐந்தை எப்படி மூன்று மூன்றாகப் பிரிப்பது? மூன்றால் பெருக்கு, பதினைந்து. ஆக மூன்று நைட்ரேட், பத்து அலுமினியம்; வருவது மூன்று பேரியம் ஆக்சைடு, ஐந்து அலுமினியம் ஆக்சைடு, மூன்று நைட்ரஜன். இதைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றிவைத்தால், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பே கூடாது என்றது. 2021இல் மறுபடியும் அழுத்திச் சொன்னது. ஒரு பக்கத்தில் ஒன்றை எடுத்தால் அடுத்த பக்கமும் சரிய வேண்டும் என்பதைச் சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 தீர்ப்பை ஒட்டிப் பசுமைப் பட்டாசு வந்தது. வாணத்துக்குப் பச்சை நிறம் தருவது பேரியம்தான் என்பதால், பசுமைப் பட்டாசில் இன்று பச்சைக்குத்தான் தட்டுப்பாடு.

பத்தாம் வகுப்பு எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று: உலோகத்தை முதலில் சரிபாருங்கள், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளைக் கொடுக்குமுன் இரண்டு பக்கத்து ஆக்சிஜனையும் விரல் விட்டு எண்ணுங்கள். மார்க் போவது அங்கேதான்.