வளவுக்கு வந்த போட்

பைபர் போட்டுக்குச் சாவு கிடையாது. மரத்தோணிக்கு அந்த வகையில் ஒரு நல்ல குணம் உண்டு. வயது போனால் உக்கும். உக்கினதைக் கொத்தி அடுப்பில் வைத்தால் சோறு வேகும், சாம்பல் வாழையடிக்குப் போகும், அத்தோடு கணக்கு முடிந்தது. பைபர் போட்டைக் கொத்தினால் கோடரிதான் துள்ளும். எரித்தால் ஒழுங்கையே இருமும். புதைத்தால் பேரப்பிள்ளைகள் கிணறு வெட்டும்போது எதிர்ப்படும். பெரியநீலாவணையிலிருந்து கல்முனை வரை கடற்கரையோரமாக நடந்து பாருங்கள். ஒன்றில் ஆடு கட்டியிருக்கும், ஒன்றில் பசளி படர்ந்திருக்கும், கவிழ்ந்து கிடக்கும் இன்னொன்றுக்குள் கோழி அடைகாக்கும். எல்லாம் ஒரு காலத்தில் கடலில் ஓடியவை.

எங்கள் வளவுக்கு வந்தது மச்சானுடைய போட். மச்சான் பஸ் நடத்துனர். அலையைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும் ஆள். அவருக்கு எப்படிப் போட் வந்தது என்று கேட்பவர்கள் 2005ஆம் ஆண்டை மறந்தவர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது. அதில் பகிடிக்கு இடமில்லை. பகிடி அடுத்த வருடம்தான் தொடங்கியது. உலகத்தில் எவரெவரோ எங்களுக்குப் போட் கொடுக்க முண்டியடித்தார்கள். ஓரிடத்தில் தோணி இழந்தவனுக்கு ஒன்றும் வரவில்லை, இன்னோரிடத்தில் கடலை நின்று பார்த்தவனுக்கும் ஒன்று வந்தது. அவசரத்தில் வார்த்த போட்டுகளின் தரத்தைப் பார்த்து ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே கவலைப்பட்டது. யாரோ பட்டியல் எழுதும்போது மச்சான் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறார். அவ்வளவுதான். 18 அடி, நீல நிறம், பக்கவாட்டில் ஏதோ ஒரு பாஷையில் ஒரு வரி. அது வாழ்த்தா எச்சரிக்கையா என்று இன்றுவரை தெரியாததால் அதன்மேல் பெயின்ட் பூச எவருக்கும் துணிவு வரவில்லை.

மச்சான் அதைக் கூலிக்கு விட்டுச் சாப்பிட்டார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்கு ஏறியது. கூலிக்கு எடுத்தவர் எஞ்சினைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு மேசன் வேலைக்குப் போனார். மச்சான் கட்டாருக்குப் போனார். போகும்போது, “ரெண்டு கிழமைக்கு வளவுக்க கிடக்கட்டும் அத்தான்” என்றார். முருங்கை மரத்தடியில் இறக்கி வைத்த போட்டில் முதலில் சருகு விழுந்தது, பிறகு மழை நின்றது, பிறகு மனிசி நட்ட பீர்க்கு ஏறியது.

எங்கள் பாண்டிருப்பில் எதற்கும் பாரதக் கணக்குத்தான் சொல்வார்கள். திரௌபதை அம்மன் குடியிருக்கும் ஊர். சடங்கு தொடங்கினால் பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவம் ஏறுவான், தீமிதிக்கும் தீப்பள்ளயத்தோடு எல்லாம் முடியும். பக்கத்து வளவுப் பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இது வனவாசமில்ல தம்பி, அஞ்ஞாதவாசம். போட்டெண்டு ஆருக்கும் தெரியாது” என்றார். அவர் சொல்லி அதிக நாளாகவில்லை. டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் பீர்க்கங்கொடியை விலக்கினார். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. அஞ்ஞாதவாசம் அந்த இடத்தில் கலைந்தது. “வழக்குப் போடவா, நீங்களே ஒரு முடிவெடுக்கிறீங்களா?” என்றார். மனிசி அவரை விடக் கடுமையான அவகாசம் கொடுத்தாள்.

மருதமுனையில் பைபர் வேலை தெரிந்த ஓடாவி காக்கா ஒருவர் இருக்கிறார். மரத்தோணிக் காலத்தில் உளி பிடித்தவர், பைபர் வந்ததும் பிரஷைப் பிடித்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த உபகரணம் ஒரு சின்னச் சுத்தியல் மட்டுமே. மூக்கிலிருந்து பின்பலகை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் “டங்” என்றது. ஈரம் புகுந்து அடுக்குப் பிரிந்த இடத்தில் “தொப்” என்றது. “தொப்” கூடக்கூட காக்காவின் முகம் நீண்டது.

“சேர், இது போட்டில்ல. போட்டுட மையத்து.”

“அப்ப விட்டிருவமா காக்கா?”

“எப்புடி விடுற? மையத்தெண்டா குழி வெட்டி அடக்கிரலாம். இத அடக்கினா மண்ணுதான் பழுதாப் போகும். மருந்து கட்டித்தான் ஆகணும்.”

பைபர் போட்டைப் பற்றி நான் கேட்ட அத்தனை பேச்சிலும் உருப்படியானது இது ஒன்றுதான்.

நோய்க்குக் காரணம் எங்கள் கரையேதான். பாண்டிருப்பில் போட்டைக் கட்டி வைக்கத் துறைமுகம் கிடையாது. தெற்கே ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகம் மணலோடு மல்லுக்கட்டியே களைத்துப்போனது. இங்கே ஆட்கள் சேர்ந்து “ஏலேலோ” போட்டுக் கரைக்கு இழுப்பதுதான் முறை. இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மணல் அடிப்பாகத்தைக் கொஞ்சம் தின்கிறது. மேலே இருக்கும் ஜெல்கோட் போனதும் கண்ணாடி இழை வெளியே தெரியும், இழை வழியே உப்புத்தண்ணீர் உள்ளே போகும். எஞ்சின் பூட்டும் பின்பலகையின் கதை அதை விட மோசம். வெளியே பைபர், உள்ளே பிளைவுட். போல்ட் ஓட்டையால் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் பதினேழு வருடம் தன் வேலையைச் செய்திருந்தது. காக்கா தோலை வெட்டித் திறந்ததும் பலகை பிட்டாக உதிர்ந்து கொட்டியது. மிதப்பதற்காக இருக்கைக்குக் கீழே வைத்திருந்த ஃபோமைப் பிழிந்தால் கடல் வந்தது. போட் பாரமாகிவிட்டது என்று கூலிக்காரர் முன்பு சொன்னபோது அவர் சோம்பேறி என்றார் மச்சான். அந்த மனிசனிடம் மச்சான் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிறகு கிரைண்டர். ஓட்டையை அடைக்க முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும் என்பது பைபரின் சட்டம். தகட்டின் தடிப்பைப் போல் 12 மடங்கு தூரத்துக்கு விளிம்பைச் சரிவாகத் தேய்த்தால்தான் புது அடுக்குப் பிடிக்கும். தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் சுற்றிவர 60 மில்லிமீற்றர். சுண்டுவிரல் போகும் ஓட்டை, தேநீர்ப் பீரிஸ் வைக்கும் அளவுக்கு வந்துவிடும். “திருத்துறீங்களா, உடைக்கிறீங்களா?” என்று மனிசி கேட்டாள். நியாயமான கேள்வி.

அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று எழும்பியது. தேய்த்த தூள் என்பது கண்ணாடித் தூள். அது எங்கள் வேலியோடு நிற்கவில்லை. பெரியப்பா வீட்டுக் கொடியில் காய்ந்த சாரத்தில் தங்கி, அவர் அதைக் கட்டிக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போய், அன்று பின்னேரம் நிர்வாக சபையின் பாதிப் பேர் பெரியப்பாவின் கருத்தைக் கேட்காமல் அவர் சொறிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வைத்தியம் ஆளுக்கொன்று வந்தது: தேங்காய் எண்ணெய், பவுடர், வேப்பிலை. “பச்சத் தண்ணில கழுவுங்க, தேய்க்காதீங்க” என்றார் காக்கா. அதுதான் கேட்டது.

ரெசின் பூசும் நாள் வந்தால் சொல்லாமலே ஊர் கூடும். பிளேன்டீ எங்கள் கணக்கு. தார் ஊற்று என்றார் ஒருவர். பாசிக்குடா ஹோட்டல்காரருக்கு அலங்காரத்துக்கு விற்று விடு என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எதுவும் சொல்லாமல் மூன்றாவது கோப்பை வரை இருந்தார். அவரை மட்டும் மறுநாளும் கூப்பிட்டேன்.

ஆனால் ரெசின் பூசும் வேலையை ஒரு முறையாவது கிட்ட நின்று பார்க்க வேண்டும். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணி, மட் என்பார்கள். வெள்ளையாக, முடியாக, தொட்டால் உதிரும். ரெசினைப் பேணியில் ஊற்றி, கிலோவுக்குப் பத்து முதல் இருபது மில்லிலீற்றர், அதை இறுக வைக்கும் கட்டலிஸ்ட் விட வேண்டும். கச்சான் வெயிலில் காக்கா பத்துக்கு மேல் போக மாட்டார். கலக்கிய நொடியிலிருந்து பேச்சு நின்றுவிடும். மட்டைத் தேய்த்த இடத்தில் விரித்துப் பிரஷால் ரெசினைக் குத்திக் குத்தி வைக்கிறார். வெள்ளை மெல்ல மெல்ல ஒழிந்து, துணி இருந்த இடமே தெரியாமல் கண்ணாடி வருகிறது. வெள்ளை மிஞ்சும் புள்ளி எல்லாம் காற்றுக் குமிழி. இரும்பு ரோலரை உருட்டி அதை ஓரத்துக்குத் துரத்துகிறார். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்று தப்பினாலும் நாளைக்கு அந்த இடம் “தொப்” என்று சொல்லும். பேணியில் மிஞ்சின ரெசின் அதற்குள் கொதித்துப் புகைந்து, உள்ளே நின்ற பிரஷோடு கல்லாகிவிடும். எங்கள் வளவில் அப்படிப் பிரஷ் முளைத்த பேணிகள் வரிசையாக நின்றன. காற்றுப்படும் மேல் அடுக்குக் கடைசி வரை ஒட்டும், அதற்கு மெழுகு கலந்த ரெசின் பூச வேண்டும். அது வருவதற்குள் கோழி நடந்து போனது. அதன் கால் இன்றும் போட்டில் இருக்கிறது.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர். 1932இல் கண்ணாடிக் கட்டிகளை உருகிய கண்ணாடியால் ஒட்டப் பார்த்தார். அழுத்தக் காற்று பட்டு அது இழை இழையாகப் பறந்தது. கட்டி ஒட்டவில்லை, பைபர் பிறந்தது. பத்து வருடத்தில் ரே கிரீன் என்பவர் ஒகாயோவில் அதில் பாய்மரப் படகே செய்துவிட்டார். இலங்கையில் பைபர் போட் என்றதும் பழைய ஆட்கள் காரைநகர்ச் சீநோரைச் சொல்வார்கள், நோர்வேக்காரர் வந்து தொடங்கிய பட்டறை. இவர்களில் ஒருவராவது அதை அழிக்கும் வழியையும் கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

மாரிக்கு முன்பே போட் இறங்கியது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி பதிவு வேண்டும், உத்தியோகத்தர் வந்து நீளம் அளந்தார், கோழிக் காலைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. மருமகன்தான் ஓட்டுகிறான். முதல் நாள் கீரிமீன் கொண்டுவந்தான். மனிசி பொரித்து, ஒரு வாய் வைத்துவிட்டு, ரெசின் மணக்கிறது என்றாள். மணக்கத்தான் செய்தது, ஆனால் அது மீனிலிருந்து அல்ல, என் சட்டையிலிருந்து.

உங்கள் வளவிலும் ஒன்று கிடந்தால் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள், “டங்” பாதியாவது இருந்தால் காக்காவைக் கூப்பிடுங்கள். சாமான் வாங்கும்போது ஒன்று கவனம். சில ரெசினுக்கு, இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் தனியாக விட வேண்டும். கோபால்ட் போத்தலையும் கட்டலிஸ்ட் போத்தலையும் ஒரே பைக்குள் போடாதீர்கள். இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கட்டலிஸ்ட். கட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கல்முனையில் அதற்குக் குறைவில்லை, வடக்கு ஆதார வைத்தியசாலை ஒன்று, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று. எதற்குப் போனாலும் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.