அம்பாசிடர் கதவு சாத்தாமை: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கதவு விஷயத்தில் தமிழர் காட்டிய அக்கறைக்கு வேதாரண்யமே சான்று. அங்கே அடைபட்டுக் கிடந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகத்தையே பாட வேண்டியிருந்தது. அதே கதவைச் சாத்தச் சம்பந்தருக்கு முதல் பாட்டே போதுமாக இருந்தது என்கிறது பெரியபுராணம். பழைய அம்பாசிடரில் நிலைமை தலைகீழ். திறக்க ஒரு வளைவு போதும், கதவு தானாகவே திறந்துகொள்ளும். சாத்தத்தான் பதிகம் வேண்டியிருக்கிறது. அந்தப் பதிகத்தை ஓட்டுநர்கள் அன்றாடம் பாடிவருகிறார்கள் என்றாலும், அச்சேற்றத் தக்க பாடம் இதுவரை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் இதைக் கண்டுகொள்ளாத நிலையில் இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

2. ஆய்வின் எல்லை

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்து, 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடர் மட்டுமே இங்கு ஆய்வுப்பொருள். அதிலும் பக்கக் கதவுகள் நான்கு மட்டும். டிக்கி மூடி தனியொரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும் என்பதால் விலக்கப்பட்டது. பெட்ரோல் விலை குறித்து ஆய்வாளர் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

3. ஒலியியல்

கார்க் கதவின் ஓசையை மரபிலக்கணப்படி மூவகையாகப் பிரிக்கலாம். நல்ல கதவு ‘டப்’ என்று வல்லினத்தில் முடியும். கீல் ஆடத் தொடங்கிய கதவு ‘டங்ங்’ என்று மெல்லினத்தில் இழுக்கும். ரப்பர் பீடிங் காய்ந்து கல்லாகிப்போன கதவு ‘பளார்’ என்று இடையினத்தில் சிதறும். இவை மூன்றிலும் அடங்காமல் ‘டக்கு’ என்று மட்டும் கேட்டால் அது குற்றியலுகரம். ஓசை அரை மாத்திரையாகக் குறைந்ததைப் போலவே பூட்டின் பிடியும் பாதியாகத்தான் விழுந்திருக்கிறது என்று கொள்க.

இதற்குக் காரணம் பூட்டின் அமைப்பு. கதவின் விளிம்பில் பூட்டு, தூணில் அது கவ்விக்கொள்ள ஸ்ட்ரைக்கர். பூட்டுக்குள் படி வெட்டிய ஒரு பல், அந்தப் பல்லைத் திரும்ப விடாமல் தடுக்கும் ஒரு நாக்கு, நாக்கை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். முதல் படியில் நாக்கு விழுந்தால் அரைப் பிடி, இரண்டாம் படியில் விழுந்தால் முழுப் பிடி. முழுப் பிடி நழுவினாலும் கதவு விரியத் திறந்து ஆள் வெளியே விழாதிருக்கத்தான் இந்த அரைப் பிடி. அமெரிக்காவில் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 206ஆம் எண் பாதுகாப்புத் தரம் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தது. நீளவாக்கில் முழுப் பிடி 2,500 பவுண்டு விசையையும் அரைப் பிடி 1,000 பவுண்டு விசையையும் தாங்க வேண்டும். ஆக, அரைப் பிடி என்பது ஆபத்துக்கு உதவும் ஏற்பாடு. அதை நம்பி திண்டிவனம் வரை போய்வருவது நம்மவர் கண்டுபிடிப்பு.

4. முந்தைய கொள்கைகள்

சாத்தாத கதவு குறித்து இதுவரை மூன்று பள்ளிகள் தோன்றியுள்ளன.

முதலாவது அடிக்கொள்கை. “ஓங்கி அடிங்க சார்” என்பது இதன் மூல சூத்திரம். அடிக்க அடிக்கப் பல்லின் முனை மழுங்கும், ஸ்ட்ரைக்கரின் திருகு தளரும். அடுத்த தடவை இன்னும் ஓங்கி அடிக்க வேண்டிவரும். தன் தேவையைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் இக்கொள்கைக்கு அழிவே இல்லை.

இரண்டாவது எண்ணெய்க்கொள்கை. வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைப் பூட்டின் வாயில் ஊற்றுவார்கள். ஒரு வாரம் கதவு வழுக்கிக்கொண்டு சாத்தும். பிறகு சாலைப் புழுதியும் எண்ணெயும் குழைந்து அரைக்கும் பசையாகிப் பல்லை உள்ளிருந்தே தேய்க்கும். சட்டையில் படும் கறை இக்கொள்கையின் உப விளைவு.

மூன்றாவது கயிற்றுக்கொள்கை. உட்புறக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி சீட்டின் காலில் முடிவார்கள். பயணி இறங்காதவரை குறை சொல்ல முடியாத ஏற்பாடு. இறங்கும் இடம் வந்ததும் ஓட்டுநர் ஓடிவந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். பயணி அதை மரியாதை என்று எண்ணிக்கொள்வார்.

5. கருதுகோள்

மூன்று பள்ளிகளுக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. சத்தம் பூட்டில் கேட்கிறது, எனவே குற்றவாளி பூட்டு என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். உண்மையில் பூட்டு அடிபட்ட சாட்சி. குற்றவாளி எதிர்முனையில், சத்தமில்லாமல், கீலில் இருக்கிறது.

கணக்கு எளிது. கதவின் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க் கீலை உள்ளே தள்ளும். இரண்டுக்கும் இடையே 40 செ.மீ., கதவின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலின் பின் 1 மி.மீ. தேய்ந்தால் பூட்டு முனை 2.5 மி.மீ. தொங்கிவிடும். பூட்டு ஸ்ட்ரைக்கருக்குள் நுழையாமல் அதன் உதட்டில் முட்டும். இந்த நிலையில் புதுப் பூட்டு மாட்டினால் அதுவும் முட்டும், புதிதாக முட்டும்.

6. செய்முறை

கதவைப் பாதி திறந்து, பூட்டு முனையை இரண்டு கையாலும் மேலே தூக்குக. கதவு ஏறி இறங்கினால் கருதுகோள் நிறுவப்பட்டது. கதவைக் கழற்றிக் கீலுக்குப் புதுப் பின் போட வேண்டும். ஓட்டை முட்டை வடிவமாகிப்போயிருந்தால் கடைசல் பட்டறையில் சரிசெய்து புஷ் அடித்துக்கொள்ளலாம். முன்கதவின் ஸ்ட்ரைக்கரும் பின்கதவின் கீல்களும் ஒரே நடுத்தூணில் இருப்பதால், தூணின் அடி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஆய்வு நெறியே.

அடுத்து ஸ்ட்ரைக்கர். அதன்மேல் கிரீஸை லேசாகப் பூசி, கதவை மெல்லச் சாத்தித் திறந்தால் பூட்டு எங்கே உரசுகிறது என்று தடம் சொல்லும். திருகைத் தளர்த்தி, தடம் நடுவில் விழும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். உள்ளே தள்ளினால் கதவு இறுகும், வெளியே இழுத்தால் கடகடக்கும். பெயின்ட் அடித்துப் புதுப் பீடிங் போட்ட வண்டியில் கதவு சாத்தவில்லை என்று ஸ்ட்ரைக்கரை வெளியே இழுத்துவிடுகிறவர்கள் சற்றுப் பொறுக்கலாம். ரப்பர் படிந்ததும் அதே கதவு ஆட ஆரம்பித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பிடி விழவில்லை என்றால்தான் பூட்டைக் கழற்ற அனுமதி. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை எடுத்து, உள் அட்டையைப் பிரித்துப் பூட்டை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் பல் தெரியும். நல்ல பல்லின் முனை கூர்மையான கோணத்தில் நிற்கும். தேய்ந்தது கண்ணாடிபோல் மினுங்கும், விரலால் தடவினால் முனையே தட்டுப்படாது. அந்த முனையில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரலாம். துவண்ட ஸ்பிரிங்கை மாற்றி, கொஞ்சமாக கிரீஸ் தடவிப் பூட்டவும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பூட்டு வாங்க நினைப்பவர்கள் அதன் வயதையும் கேட்டுக்கொள்வது நல்லது. அது பெரும்பாலும் நம் பூட்டின் கூடப்பிறந்ததாகவே இருக்கும். அட்டையை மூடுமுன் கதவின் அடியிலுள்ள நீர்த்துளைகளைக் குத்திவிடுக. அவை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருவேறும்.

7. முடிபுகள்

ஒன்று: கதவு சாத்தாமைக்கு முதல் காரணம் கீல், இரண்டாம் காரணம் சாத்துபவர், மூன்றாவதுதான் பூட்டு. இரண்டு: இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவதால்தான் செலவு மூன்று மடங்காகிறது. மூன்று: விருந்தினர் வண்டியில் ஏறும்போது “மெதுவா” என்றும் “ஓங்கி” என்றும் ஒரே குடும்பத்தார் இருவர் ஒரே நேரத்தில் சொல்லக் கூடாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கதவு சாத்தாவிட்டால் அடிக்காதீர்கள், தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீலுக்குச் செலவழியுங்கள். சரியாகும்வரை குழந்தைகளை அந்தக் கதவோரம் உட்காரவைக்காதீர்கள்.